லெ மான்ஸ் 1955: பந்தயத்தை ஏன் நிறுத்தவில்லை?

2025 ஜூன் 11, காலை 8:15 (கேள்வி)

இன்றோடு 70 வருடம். 1955 லெ மான்ஸ் 24 மணி நேரப் பந்தயத்தில் ஒரு கார் கூட்டத்துக்குள் பாய்ந்து எண்பதுக்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். நேற்று ராத்திரிதான் அந்தப் பழைய கருப்பு வெள்ளைப் படத்தைப் பார்த்தேன். ஒரு பக்கம் பிணங்களை மூடத் துணி தேடுகிறார்கள், இந்தப் பக்கம் கார்கள் ஓடிக்கொண்டே இருக்கின்றன. மறுநாள் ஜெயித்தவன் ஷாம்பெயின் குடிக்கிறான். இவர்களெல்லாம் மனிதர்கள்தானா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஜூன் 11, மதியம் 1:20

மனிதர்கள்தான். நிறுத்தாததற்குக் காரணம் இருந்தது, நியாயமான காரணம்.

அன்று அங்கே கூடியிருந்தது ஏறக்குறைய இரண்டரை லட்சம் பேர். பந்தயம் ரத்து என்று ஒலிபெருக்கியில் சொன்னால் அத்தனை பேரும் ஒரே நேரத்தில் வண்டியைக் கிளப்புவார்கள். அந்தப் பாதையில் பெரும்பகுதி மற்ற நாட்களில் ஊர்ச்சாலை. சுற்றியிருக்கும் சாலைகளும் குறுகல். காயம்பட்டவர்களை ஏற்றிய ஆம்புலன்ஸ் எப்படி வெளியே போகும்? பந்தய இயக்குநர் சார்ல் ஃபாரூ சொன்ன காரணம் இதுதான். அழகர் ஆற்றில் இறங்குகிற அன்று மதுரைக்குள் ஆம்புலன்ஸ் ஓட்டிப் பாருங்கள், புரியும்.

மெர்சிடிஸ் அணி அன்று மாலையே மீதி இரண்டு கார்களையும் விலக்கிக்கொண்டு கௌரவமாக ஊர் திரும்பியது. ஜாகுவார் ஓடியது, ஜெயித்தது. அவ்வளவுதான் கதை.

ஜூன் 11, மாலை 6:30

'அவ்வளவுதான் கதை' என்று முடித்ததற்கு மூன்று பேர் திட்டியிருக்கிறார்கள். சரி, நடந்ததை முழுசாகவே சொல்கிறேன். நேரமும் பொருத்தம்தான், விபத்து நடந்தது மாலை 6:26-க்கு.

பந்தயம் 4 மணிக்குத் தொடங்கியது. ஜாகுவார் டி டைப்பில் மைக் ஹாத்தோர்ன், மெர்சிடிஸ் 300 எஸ்எல்ஆரில் ஃபாங்கியோ. இரண்டு பேரும் 24 மணி நேரம் ஓட வேண்டும் என்பதையே மறந்துவிட்டு, இரண்டு மணி நேரப் பந்தயம் போல விரட்டிக்கொண்டிருந்தார்கள். ஹாத்தோர்னுக்குப் பெட்ரோல் போட பிட்டுக்கு வரச்சொல்லி சைகை. பிட் என்றால் இப்போது நாம் பார்ப்பது போலத் தனிப்பாதை, நடுவில் சுவர் என்றெல்லாம் கற்பனை செய்யாதீர்கள். பந்தயச் சாலையின் வலது ஓரம்தான் பிட். பக்கத்தில் மற்ற கார்கள் 240 கிலோமீட்டர் வேகத்தில் போய்க்கொண்டிருக்கும், இங்கே ஒருவர் நின்று பெட்ரோல் ஊற்றிக்கொண்டிருப்பார்.

ஹாத்தோர்ன், மெதுவாகப் போய்க்கொண்டிருந்த லான்ஸ் மாக்லினின் ஆஸ்டின் ஹீலியைத் தாண்டினார். தாண்டியதும் வலது பக்கம் ஒதுங்கி பிரேக்கை அழுத்தினார். நம் ஊர் டவுன் பஸ்ஸை நினைத்துக்கொள்ளுங்கள். டூ வீலரில் போகிறவனை ஹார்ன் அடித்துத் தாண்டுவார், தாண்டிய பத்தாவது மீட்டரில் இடது பக்கம் வெட்டி ஸ்டாப்பில் நிற்பார். நமக்கு ஹேண்டிலை வலது பக்கம் ஒடிப்பதைத் தவிர வேறு வழியிருக்காது, பின்னால் லாரி வருகிறதா என்று பார்க்க நேரமும் இருக்காது. அதே காட்சிதான், பிரான்சில் வலது பக்கச் சாலை என்பதால் கண்ணாடியில் பார்ப்பது போல இடவலம் மாறியிருந்தது. மாக்லின் இடது பக்கம் ஒடித்தார். பின்னால் வந்த லாரி, பியர் லெவெக் ஓட்டிய மெர்சிடிஸ்.

ஹீலியின் சரிவான பின்பக்கம் சாய்தளம் மாதிரி ஆகிவிட்டது. அதில் ஏறிய மெர்சிடிஸ் பறந்து, இடது ஓரத்து மண்கரையில் மோதிச் சிதறியது. இன்ஜினும் முன் ஆக்ஸிலும் பானெட்டும் தனித்தனியாகக் கூட்டத்துக்குள் போயின. பலர் ஏணி போட்டும் பெட்டி மேல் ஏறியும் நின்றிருந்தார்கள், கார் நன்றாகத் தெரிய வேண்டும் என்று. இதற்கு மேல் எழுத விருப்பமில்லை.

ஜூன் 11, இரவு 10:45

'தண்ணீர் ஊற்றியும் ஏன் அணையவில்லை, படத்தில் வெள்ளையாக எரிகிறதே' என்று கேட்டிருக்கிறார் ஒருவர். இது என் ஏரியா.

அந்த மெர்சிடிஸின் உடல் மெக்னீசியம் கலந்த உலோகம். எடை குறைவு, அதனால் பந்தயத்துக்கு அருமை. பற்றிக்கொண்டால் எமன். எரிகிற மெக்னீசியத்தின் மேல் தண்ணீர் விட்டால் அது தண்ணீரில் இருக்கும் ஆக்ஸிஜனைப் பிடுங்கிக்கொள்ளும், மிச்சமாகும் ஹைட்ரஜனும் சேர்ந்து எரியும். அன்று ஓடிவந்தவர்களுக்கு இது தெரியவில்லை, தண்ணீரை அடித்தார்கள். பல மணி நேரம் எரிந்தது.

நான் கோயம்புத்தூரில் லேத் பட்டறையில் வேலை கற்றுக்கொண்ட காலத்தில் மெக்னீசியம் காஸ்டிங் கொஞ்ச நாள் வந்தது. மூலையில் மணல் வாளி இருக்கும், 'தண்ணி மட்டும் ஊத்திராதே' என்று தினமும் சொல்வார்கள். ஒருநாள் லேத்துக்கு அடியில் குவிந்திருந்த சீவல் பற்றிக்கொண்டது. வந்து ஒரு வாரம்கூட ஆகாத பையன் குடிதண்ணீர்க் குடத்தைத் தூக்கி ஊற்றிவிட்டான். வெல்டிங் வெளிச்சம் போல ஒரு வெள்ளை. மேஸ்திரி மணலைக் கொட்டி மூடினார். பையனுக்குப் புருவம் போனது, வேறொன்றும் ஆகவில்லை. கையளவு சீவல்தான். அங்கே எரிந்தது ஒரு முழுக் கார்.

ஜூன் 12, காலை 7:05

திருத்தம். மதியம் நான் எழுதியதைப் படித்துவிட்டு ஒரு நண்பர் நன்றாகப் பிடித்துவிட்டார். மெர்சிடிஸ் 'அன்று மாலையே' விலகவில்லை. இரவு 2 மணிக்குச் சற்று முன்புதான் விலகியது. ஸ்டுட்கார்ட்டில் இருந்த நிர்வாகிகளிடமிருந்து தொலைபேசியில் முடிவு வர அவ்வளவு நேரம் ஆயிற்று. கூட்டம் குறைந்திருந்த நேரமாகப் பார்த்து அணி மேலாளர் ஆல்ஃபிரட் நாய்பவர் கார்களை உள்ளே அழைத்தார். அப்போது ஃபாங்கியோவும் ஸ்டிர்லிங் மாஸும் ஓட்டிய கார் இரண்டு சுற்று முன்னிலையில் இருந்தது. ஜாகுவாரும் விலகுமா என்று கேட்டார்கள், அதன் அணி மேலாளர் லாஃப்டி இங்கிலாந்து (ஆளின் பெயரே அதுதான்) முடியாது என்றுவிட்டார்.

அதாவது ஏழு மணி நேரத்துக்கும் மேல் மெர்சிடிஸும் ஓடிக்கொண்டுதான் இருந்தது. 'கௌரவமாக' என்று நான் போட்ட சொல்லை எடுக்கவில்லை, கொஞ்சம் தள்ளி வைக்கிறேன். முன்னிலையில் இருக்கும்போது விலகுவது சின்ன விஷயமில்லை. ஆனால் போருக்குப் பத்து வருடம் கழித்து, பிரெஞ்சு மண்ணில், இத்தனை பிரெஞ்சுக்காரர்கள் செத்த ராத்திரியில் ஒரு ஜெர்மன் கார் ஜெயித்தால் மறுநாள் பேப்பரில் என்ன வரும் என்று ஸ்டுட்கார்ட்டில் யாருக்கும் தோன்றியிருக்காதா?

ஜூன் 12, மதியம் 12:40

'49 வயதுக் கிழவனை ஏன் அந்தக் காரில் ஏற்றினார்கள்' என்று கேட்பவர்களுக்கு: நானும் ரொம்ப நாள் அப்படித்தான் பேசிக்கொண்டு திரிந்தேன். எனக்கு இப்போது 54. பேச்சு மாறிவிட்டது.

லெவெக்கின் சொந்தப் பெயர் பியர் பூயேன். பந்தயம் ஓட்டிய மாமாவின் பெயரைத் தனக்கு வைத்துக்கொண்டவர். 1952-இல் இதே லெ மான்ஸில் டால்போ காரை, துணை ஓட்டுநர் இருந்தும் கொடுக்காமல், தனியாளாக ஏறக்குறைய 23 மணி நேரம் ஓட்டினார். இன்ஜினில் ஒரு அதிர்வு இருந்தது, தன் காலுக்குத்தான் அது புரியும் என்று நினைத்தாராம். நாலு சுற்று முன்னிலை. ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூடுதலாக மிச்சமிருக்கும்போது இன்ஜின் போனது. முதலிடத்துக்கு வந்தது மெர்சிடிஸ். அன்று பார்த்த நாய்பவர்தான் 1955-இல் அவரைக் கூப்பிட்டார்.

லெவெக்குக்குப் பின்னால் வந்துகொண்டிருந்த ஃபாங்கியோ கடைசிவரை சொன்னது: மோதுவதற்கு முன் லெவெக் கையைத் தூக்கிக் காட்டினார், அதனால்தான் நான் பிழைத்தேன். அந்த நொடிக்குள் கையைத் தூக்க நேரமே இருந்திருக்காது என்பவர்களும் உண்டு. நான் ஃபாங்கியோ பக்கம். இதற்கு ஆதாரம் கேட்காதீர்கள்.

ஜூன் 12, மதியம் 12:52

கிழவனைத் திட்டியவர் தனக்கு 26 என்கிறார். ஹாத்தோர்னுக்கும் அன்று 26தான் தம்பி.

ஜூன் 12, இரவு 9:30

பிரேக் பற்றி. ஜாகுவாரில் நாலு சக்கரத்துக்கும் டிஸ்க் பிரேக். மெர்சிடிஸில் டிரம். அந்த வேகத்துக்கு டிரம் தாங்காது என்று அவர்களுக்கே தெரிந்து, ஓட்டுநரின் முதுகுக்குப் பின்னால் ஒரு பெரிய தகட்டை வைத்தார்கள். பிரேக் வேண்டும்போது அது மேலே எழும்பிக் காற்றைத் தடுக்கும். விமானத்தின் இறக்கையில் இறங்கும்போது தூக்குமே, அதே வேலை.

ஹாத்தோர்ன் தான் நிற்கக்கூடிய தூரத்தில்தான் பிரேக் போட்டார், ஆனால் பின்னால் வருகிற எல்லோருக்கும் தன் பிரேக் இருப்பது போல நினைத்துப் போட்டார் என்பது ஒரு வாதம். நானும் நேற்று அதைத்தான் எழுத இருந்தேன். ஆனால் அவரே தன் பிட்டைத் தாண்டிப் போய்த்தான் நின்றார்! பின்னால் எடுக்க விதி அனுமதிக்காததால் இன்னொரு சுற்று சுற்றிவிட்டு வந்தார். டிஸ்க் பிரேக் இருந்தும் நிற்கவில்லை என்றால் எவ்வளவு தாமதமாக முடிவெடுத்திருக்க வேண்டும்? நேற்றைய டவுன் பஸ் உதாரணத்தில் டிரைவர் ஸ்டாப்பையும் தாண்டிப் போய் நிறுத்தினார் என்று சேர்த்துக்கொள்ளுங்கள். அதுவும் நம் ஊரில் நடப்பதுதான்.

ஜூன் 13, காலை 6:20

தூக்கம் வரவில்லை. இதை எழுதியே தீர வேண்டும்.

எண்பதுகளில் அப்பா என்னையும் அண்ணனையும் சோழவரம் கூட்டிப்போனார். இரண்டாம் உலகப்போர் காலத்து விமான ஓடுதளம் அது, அங்கேதான் அப்போது பந்தயம். ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டைக்கு எல்லாம் மாறுவதற்கு முன்பு. பொட்டல் வெயில், வேர்க்கடலை, கழுத்தில் ஈரத்துண்டு. வளைவுக்குப் பக்கத்தில் போய் நிற்க அடம்பிடித்தேன். பைக் பந்தயத்தில் ஒருவர் விழுந்து, வண்டி தனியாகவும் ஆள் தனியாகவும் எங்கள் பக்கமாகத் தேய்த்துக்கொண்டு வந்தார்கள். வண்டி ஒரு இருபது அடி தள்ளி நின்றது. ஆள் எழவில்லை. தூக்கிப் போனார்கள். அப்பா ஒரு வார்த்தை பேசாமல் எங்கள் இரண்டு பேர் கையையும் பிடித்துக்கொண்டு பஸ் ஸ்டாப்புக்கு நடந்தார். திரும்பிப் பார்க்கவே இல்லை. பின்னால் அடுத்த பந்தயத்தின் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது.

அப்பா செய்ததை அன்று லெ மான்ஸில் இரண்டரை லட்சம் பேரில் எத்தனை பேர் செய்தார்கள்? நிறுத்தாதவர்களைக் கேட்கிறோம், போகாதவர்களையும் கேட்க வேண்டாமா?

ஜூன் 13, இரவு 8:10

'அப்போ பார்க்கப் போனவன்தான் குற்றவாளியா' என்று கொதிக்கிறார் ஒருவர். நான் அப்படிச் சொல்லவில்லை. காலையில் எழுதியதில் அப்படி ஒரு வாடை வருகிறது என்பதை ஒப்புக்கொள்கிறேன். சுற்றுப்பாதை 13 கிலோமீட்டருக்கும் மேல். தள்ளி நின்றவர்களுக்கு என்ன நடந்தது என்றே வெகுநேரம் தெரியாது. ராட்டினம் சுற்றிக்கொண்டிருந்தது, சாப்பாட்டுக் கடை நடந்துகொண்டிருந்தது.

விசாரணை நடந்தது. தனி ஆள் யார் மேலும் குற்றமில்லை என்று முடிந்தது. ஹாத்தோர்னைக் காப்பாற்ற என்று சிலர் சொல்வார்கள், எனக்கு அப்படித் தோன்றவில்லை. 1923-இல் ஓடிய கார்களுக்கு அந்தச் சாலை போதும். 32 வருடத்தில் கார் எங்கோ போய்விட்டது, பிட் இருந்த இடத்தில் சாலை அதே குறுகலில் இருந்தது. மறுவருடம் பிட் பகுதியை இடித்துக் கட்டி, சாலையை அகலமாக்கி, பந்தயத்தையே ஜூலைக்குத் தள்ளி வைத்தார்கள். இடிக்க முடியும் என்பது 1954-இலும் தெரிந்த விஷயம்தானே?

ஜூன் 14, மாலை 5:00

வெற்றி பெற்றவர் சிரித்த படம் பற்றி இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். ஹாத்தோர்ன் ஷாம்பெயின் குடிப்பதைப் போட்டு, 'உங்கள் ஆரோக்கியத்துக்கு, திரு. ஹாத்தோர்ன்' என்று எழுதியது ஒரு பிரெஞ்சு இதழ். அந்தச் சிரிப்பு எனக்கும் பிடிக்கவில்லை. ஆனால் விபத்துக்குப் பிறகு காரை விட்டு இறங்கிய ஹாத்தோர்ன் நிலைகுலைந்து போயிருந்தார் என்று பார்த்தவர்கள் சொல்லியிருக்கிறார்கள். சாவு வீட்டில் திடீரென்று சிரித்துவிடுகிறவர்களை நாம் பார்த்ததில்லையா?

1958-இல் உலக சாம்பியன், அதோடு ஓய்வு. 1959 ஜனவரி 22, கில்ஃபோர்டு அருகே ஈரச்சாலையில் தன் ஜாகுவாரில் போகும்போது தெரிந்தவர் ஒருவரின் காரை வேகமாகத் தாண்டினார். கார் கட்டுப்பாட்டை இழந்து மரத்தில் மோதி இறந்தார். 29 வயது. அவர் தாண்டிய கார் ஒரு மெர்சிடிஸ். இதைக் கதையில் எழுதினால் நீங்களே நம்பமாட்டீர்கள்.

ஜூன் 16, இரவு 11:15

இந்த வருட லெ மான்ஸ் நேற்று முடிந்தது, யாராவது பார்த்தீர்களா? மஞ்சள் ஃபெராரி, 83-ஆம் எண். ஓட்டிய மூவரில் ராபர்ட் குபிட்சா 2011-இல் ராலியில் கை சிதைந்து, இனி எழமாட்டார் என்று எல்லோரும் கைகழுவிய ஆள். ராத்திரி முழுக்க முழித்திருந்து பார்த்தேன். வீட்டில் வசவு.

பார்த்துக்கொண்டிருக்கும்போது 2013 ஞாபகம் வந்தது. தொடங்கிப் பத்து நிமிடத்துக்குள் டென்மார்க்கின் ஆலன் சிமன்சன் விபத்தில் இறந்தார். அன்றும் நிறுத்தவில்லை. அவருடைய அணி மீதிக் கார்களைத் தொடர்ந்து ஓட்டியது, குடும்பமே அதை விரும்பியதாகச் சொன்னார்கள். ஜெயித்தவர்களில் ஒருவர் அதே டென்மார்க்கின் டாம் கிறிஸ்டென்சன், வெற்றியை சிமன்சனுக்குத்தான் சமர்ப்பித்தார். அன்று எனக்குக் கோபம் வரவில்லை. ஏன் வரவில்லை என்று இப்போது யோசிக்கிறேன். செத்தவர் அந்த ஆபத்தைத் தெரிந்து ஏற்றுக்கொண்டவர் என்பதாலா? ஏணி மேல் நின்றவர்கள் எதையும் ஏற்றுக்கொள்ளவில்லை.

ஜூன் 16, இரவு 11:40

அப்படியே முதல் நாள் சொன்ன ஆம்புலன்ஸ் காரணத்துக்கும் வருகிறேன். மாலை ஏழு மணிக்கு அது சரியான காரணம். அதில் மாற்றமில்லை. ராத்திரி பன்னிரண்டு மணிக்கு? காயம்பட்டவர்களெல்லாம் ஆஸ்பத்திரிக்குப் போன பிறகு? மறுநாள் காலையில்? பந்தயம் ஞாயிறு மாலை 4 மணி வரை நடந்தது. 11-ஆம் தேதி மதியம் 'நியாயமான காரணம்' என்று எழுதியபோது அதை 24 மணி நேரத்துக்கும் இழுத்துவிட்டேன். மெர்சிடிஸ் ராத்திரி கிளம்பிப் போனதே, சாலை அடைபட்டதா என்ன?

ஜூன் 19, மதியம் 2:30

அப்புறம் என்ன ஆயிற்று என்று கேட்டவருக்குச் சுருக்கமாக: அந்த வருடம் பிரான்ஸ், ஜெர்மனி, சுவிட்சர்லாந்து, ஸ்பெயின் கிராண்ட் பிரீக்கள் ரத்து. சுவிட்சர்லாந்து சுற்றுப்பாதைப் பந்தயத்தையே தடை செய்தது. 2018-இல் ஜூரிக்கில் மின்சாரக் கார்கள் ஓடும்வரை அங்கே அப்படி ஒன்று நடக்கவில்லை. மெர்சிடிஸ் வருடக் கடைசியில் பந்தயத்தை விட்டு விலகியது. 1999-இல் லெ மான்ஸுக்குக் கொண்டுவந்த கார்கள் மறுபடி பறந்தன. மார்க் வெப்பர் பந்தயத்துக்கு முன்பே இரண்டு தடவை, பீட்டர் டம்பிரெக் பந்தயத்தின்போது மரங்களுக்கு மேலே. யாரும் சாகவில்லை. அன்று மட்டும் உடனே விலகிக்கொண்டார்கள்.

இதில் எனக்குப் பிடித்த ஆள் ஜான் ஃபிட்ச். லெவெக்கின் துணை ஓட்டுநர், அமெரிக்கர். அடுத்து அவர் ஓட்ட வேண்டும், விபத்து நடந்தபோது லெவெக்கின் மனைவியோடு நின்றிருந்தார். மெர்சிடிஸ் விலக வேண்டும் என்று வற்புறுத்தியவர்களில் ஒருவர். பிறகு அவர் செய்தது என்ன தெரியுமா? பிளாஸ்டிக் பீப்பாய்களில் மணலை நிரப்பி, நெடுஞ்சாலையில் பாலத்தூண், தடுப்புச்சுவர் முனைகளுக்கு முன்னால் வரிசையாக வைப்பது. மோதுகிற கார் மணலில் வேகத்தை இழந்து நிற்கும். அமெரிக்க நெடுஞ்சாலைகளில் அந்த மஞ்சள் பீப்பாய்களை நிறையப் பார்க்கலாம், அவர் பெயரில்தான் அழைக்கிறார்கள்.

மணல். எங்கள் பட்டறை மேஸ்திரிக்குத் தெரிந்தால் சந்தோஷப்படுவார்.

ஜூலை 2, இரவு 10:05

இன்னொரு திருத்தம், இது யாரும் சுட்டிக்காட்டியதல்ல.

ஞாயிற்றுக்கிழமை அண்ணன் வந்திருந்தான். ஜூன் 13-ஆம் தேதி எழுதியதைப் படித்துக் காட்டினேன், சோழவரம், அப்பா, பஸ் ஸ்டாப் எல்லாம். கேட்டுவிட்டுச் சிரித்தான். 'எங்கடா கிளம்பினோம்? ஆளைத் தூக்கிட்டுப் போனதும் நீதான் முன்னாடி இடம் காலியாயிடுச்சுன்னு ஓடிப்போய் நின்னே. அப்பா இன்னொரு பொட்டலம் கடலை வாங்கினார். கார் ரேஸ் முடிஞ்சு கோப்பை குடுக்கிறவரைக்கும் இருந்துட்டுத்தான் வந்தோம், கடைசி பஸ்ஸை விட்டுட்டு லாரியில வந்தோமே, மறந்துட்டியா?'

லாரி ஞாபகம் இருக்கிறது. தார்ப்பாய் வாசனைகூட. அது வேறு நாள் என்று இத்தனை வருடம் நினைத்துக்கொண்டிருந்தேன்.